டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட்: ஒரே ஏல், ஏன் இத்தனை சண்டை?

அமிர்தம் என்பார் ஒருவர். பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பார் பக்கத்திலிருப்பவர். இருவரும் பேசுவது ஒரே ஏலைப் பற்றி, அதாவது ஆங்கிலேயர்களின் பழைய பாணி பீர் ஒன்றைப் பற்றி; இருவரும் பொய் சொல்லவில்லை. யார்க்ஷயரின் கீத்லி ஊரில் டிமோதி டெய்லர் நிறுவனம் காய்ச்சும் லேண்ட்லார்ட், இங்கிலாந்தில் அதிகம் விற்கும் காஸ்க் ஏல்களில், அதாவது பீப்பாயிலேயே பழுக்கும் ஏல்களில் ஒன்று. பிரிட்டனுக்குப் புதிதாக வந்த நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், பப்பில் பக்கத்து மேசையிலிருந்து காதில் விழுந்த சச்சரவுகளையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மதுக்கலை வல்லுநன் அல்லன். பல ஆண்டுகளாகக் குடித்தவன், அவ்வளவுதான்.

லேண்ட்லார்ட் என்றால் வீட்டுக்காரரா?

வாடகை வாங்குபவர் என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். பப்பை நடத்துபவரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய கைப்பக்குவத்தை நம்பித்தான் இந்த ஏலின் மானம் மரியாதை எல்லாம் இருக்கிறது. ஆகவே பெயர் பொருத்தமானதே.

யார் காய்ச்சுகிறார்கள்? எத்தனை ஆண்டுப் பழமை?

டிமோதி டெய்லர் என்பவர் 1858இல் கீத்லியில் தொடங்கிய ஆலை இது. 1863இல் நோல் ஸ்பிரிங் என்ற ஊற்றுக்குப் பக்கத்தில் இடம் மாறியது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது, அந்த ஊற்று நீரில்தான் காய்ச்சுகிறார்கள். குடும்பத்தின் கையைவிட்டும் போகவில்லை. லேண்ட்லார்ட் மட்டும் அவ்வளவு பழையது அல்ல. 1950களின் தொடக்கத்தில் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தொண்டை வறண்டு மேலே வரும் தொழிலாளர்களைக் கவருவதற்காகவே உருவாக்கினார்கள் என்று சொல்வார்கள்.

ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கெய்லி’ என்று வாயில் வரும். உள்ளூரில் ‘கீத்லி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இது என்ன வகை? எதிலிருந்து செய்கிறார்கள்?

பேல் ஏல் வகை. பீப்பாயிலிருந்து ஊற்றும்போது 4.3 சதவீத ஆல்கஹால், புட்டியில் 4.1. புளி போட்டு விளக்கிய பித்தளைச் சொம்பின் நிறம்.

மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டி உலர்த்தும் தானியத்துக்கு, ‘கோல்டன் பிராமிஸ்’ என்ற பார்லி. இதற்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. மேதோர்ப் என்ற பழைய ரகத்தின்மீது காமா கதிர்களைச் செலுத்தியபோது பிறந்த குட்டை ரகம் இது. தாள் குட்டையானதால் காற்றில் சாயாது. ஸ்காட்லாந்தில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. விஸ்கி ஆலைகளும் விரும்பி வாங்கின. விளைச்சல் அதிகம் தரும் புது ரகங்கள் வந்ததும் உழவர்கள் கைவிட்டார்கள். டெய்லர் கைவிடவில்லை. பாரம்பரியம் பாரம்பரியம் என்று உருகுகிறவர்கள், அந்தப் பாரம்பரியத்தின் தாய் ஒரு கதிர்வீச்சு ஆய்வுக்கூடம் என்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம்.

கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கள்: ஆங்கில வகைகளான ஃபகிள்ஸ், கோல்டிங்ஸ். அவற்றோடு ஸ்லோவேனியாவில் விளையும் ஸ்டிரியன் கோல்டிங்ஸ். இந்தக் கடைசி வகைக்குப் பெயர்தான் கோல்டிங்ஸ், வம்சத்தில் அதுவும் ஃபகிள்தான்.

காஸ்க் ஏல் என்கிறீர்களே, சாதாரண பீரிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

மற்ற கேள்விகளுக்கெல்லாம் இதன் பதில்தான் அடித்தளம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பனையிலிருந்து இறக்கிய கள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஒரு ருசி, உச்சிவெயிலில் ஒரு ருசி, பொழுது சாயும்போது புளிப்பு. காஸ்க் ஏல் அவ்வளவு வேகமாக மாறாது. ஆனால் சங்கதி அதேதான். ஈஸ்ட் சாகாமல் உள்ளே இருக்கிறது. வழக்கமான லாகர் பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடுகாட்டி, உலோகப் பீப்பாயில் அடைத்து, பப்பில் வாயு அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளுகிறார்கள். அது எங்கே குடித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். காஸ்க் ஏல் ஆலையிலிருந்து முக்கால் வேலை முடிந்த நிலையில்தான் வெளியே வருகிறது. மீதிக் கால் வேலை பப்பின் நிலவறையில் நடக்கிறது.

பீப்பாயைச் சாய்த்துப் படுக்க வைத்து, உருளாமல் ஆப்பு வைப்பார்கள். மேலே வயிற்றுப் பக்கம் ஒரு மரமூடி இருக்கும். அதன் நடுவே காற்றுப் புகும் மென்மையான மரமுளை ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் ‘உஸ்’ என்று வாயு கிளம்பும். பின்பு அந்த முளையைச் சுற்றி நுரை கொப்புளம் கொப்புளமாக எழும். நிலவறைக்காரர் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போவார், சில மணி நேரம் கழித்து வந்து மறுபடியும் துடைப்பார். நுரை தணிந்ததும் மென்முளையை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கெட்டி முளை. இதற்குள் ஈஸ்ட்டும் மற்ற வண்டலும் பீப்பாயின் அடிவயிற்றில் போய்ப் படிந்துவிடும். மேலே உள்ளது கண்ணாடி போலத் தெளியும். நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி.

பிறகு குழாய் அடித்து, கைப்பம்பால் மேலே இழுத்து ஊற்ற வேண்டும். விற்கும் நேரத்தில் கெட்டி முளையைத் தளர்த்துவார்கள். ஏல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வரும். காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து ஆயுள் எண்ணப்படுகிறது. மூன்று நாளுக்குள் பீப்பாய் காலியாக வேண்டும் என்பது பொது விதி.

வழக்கமான சிறு பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். ஒன்பது காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்). மூன்று நாளில் தீர்க்க ஒரு நாளைக்கு 24 பைன்ட் விற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மழையில் எட்டுப் பேர் மட்டுமே வரும் பப்பில் இது நடக்குமா?

லேண்ட்லார்டைப் புகழ்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் மால்ட். மாரி பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு. அடுத்து ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டும் மணம். மார்மலேட் என்ற ஆரஞ்சு ஜாமைப் போல என்பார்கள் ஆங்கிலேயர்கள், அதுவும் சரிதான். விழுங்கிய பிறகு தொண்டைக்குச் சற்று மேலே ஒரு கசப்பு வந்து உட்காரும். அது அடுத்த வாயைக் கேட்கும் கசப்பு.

புகழ்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுண்டு: இதில் எதுவும் முந்திரிக்கொட்டையாக முன்னால் நிற்பதில்லை. இனிப்பு, கசப்பு, மணம் மூன்றும் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது பைன்ட்டிலும் அலுக்காது என்பது இன்னொரு பாராட்டு. வட இங்கிலாந்துப் பெரியவர்கள் அவ்வளவு வார்த்தை செலவழிப்பதில்லை. கோப்பையைக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்து, ‘மோசமில்லை’ என்பார்கள். யார்க்ஷயரில் அது ஏறக்குறைய பொன்னாடை.

திட்டுபவர்கள்?

‘எல்லா இடத்திலும் இருக்கிறது’ என்பது முதல் குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் கீத்லிப் பக்கம் போனால்தான் கிடைக்கும்; நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லலாம். இன்று லண்டனில், தென்கடற்கரை ஊர்களில் எல்லாம் பம்பு நிற்கிறது. கிடைப்பதற்கு அரிதாக இருந்தபோது மணத்த மல்லிகை, முழம் முழமாகக் கிடைக்கும்போது மணக்கவில்லை என்பது போன்ற கோபம் இது. பாதி நியாயம் உண்டு, அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இளைஞர்களின் புகார் வேறு. மாம்பழம், கொய்யா வாசம் வீசும் அமெரிக்க ஹாப்ஸில் நாக்கு பழகியவர்களுக்கு இது தாத்தாவின் கம்பளிச் சட்டை மாதிரி தெரிகிறது. ‘பழுப்பு நிறம், வெதுவெதுப்பு, ஒன்றுமே நடக்கவில்லை’ என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவனோடு வாதம் செய்ய எனக்கு மனமில்லை. ருசி அவரவர் உரிமை.

விலையும் ஒரு குறை. லண்டனில் ஒரு பைன்ட்டுக்கு 6 பவுண்டுக்கு மேல் கேட்பது இப்போது யாருக்கும் வியப்பில்லை. அந்த விலை கொடுத்து வாங்கியது சப்பென்று இருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விட அதிகமாகக் காதில் விழுவது இதுதான்: ‘ஒரு பப்பில் அற்புதம், அடுத்த பப்பில் குப்பை.’ உண்மையான சண்டை இங்கேதான்.

அது ஏன் அப்படி? ஒரே ஆலை, ஒரே செய்முறை அல்லவா?

கோப்பைக்கு வரும்வரை அது ஒரே ஏல் அல்ல என்பதுதான் காரணம்.

என் கதையையே சொல்கிறேன். நான் முதன்முதலில் லேண்ட்லார்ட் குடித்தது லண்டனில், ஒரு பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பப்பில். கோப்பை லேசாகக் கலங்கியிருந்தது. முதல் வாயில் மாவுப் புளிப்பு, பிறகு நாக்கைச் சுரண்டும் கசப்பு. இதற்கா இத்தனை பரிசு என்று நினைத்துக்கொண்டு பாதியிலேயே வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் அந்தப் பெயரைத் தொடவில்லை. பின்பு ஒரு நவம்பர் மாலையில் கீத்லியில், கரி அடுப்பு எரியும் சின்னப் பப் ஒன்றில், வேறு எதுவும் கண்ணில் படாததால் அதையே கேட்டேன். பலகணி வெளிச்சத்தில் கோப்பையைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் இருந்தவரின் விரல்ரேகை தெரியும் போல இருந்தது. மணத்தைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். அது அன்றைக்குக் கிடைத்ததுதான்.

லண்டனில் எனக்குக் கிடைத்தது பிஞ்சு. நிலவறைக்காரர்கள் இதைப் ‘பச்சை’ என்பார்கள். லேண்ட்லார்ட் துள்ளல் அதிகமுள்ள ஏல். மென்முளை அடித்தால் நுரை அடங்க நேரமெடுக்கும். ஒரே நாளில் தெளிந்து விற்பனைக்குத் தயாராகும் ஏல்கள் உண்டு. அந்தக் கணக்கில் இதையும் வியாழக்கிழமை இறக்கி வெள்ளிக்கிழமை விற்றால் காரியம் கெடும். குறைந்தது மூன்று நான்கு நாள் பொறுக்க வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள். ஒரு வாரமோ அதற்கு மேலோ திறக்காமல் வைத்திருக்கும் பப்காரர்களும் உண்டு. அவர்களிடம் குடித்தவர்கள்தான் அமிர்தம் என்கிறார்கள். காயாகப் பறித்த மாம்பழத்தைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைக்கும் குறுக்கு வழியாவது மண்டியில் இருக்கிறது. பீப்பாய்க்கு அதுவும் இல்லை.

காத்திருப்பதற்கு இடம் வேண்டும், முதல் போட வேண்டும். நான்கு பீப்பாய் விற்பனையில் இருக்கும்போதே இன்னும் நான்கு பழுத்துக்கொண்டிருக்க வேண்டும். நிலவறை சின்னது, கையிருப்புக்குக் கட்ட வேண்டிய பணம் பெரியது என்றால் எந்தப் பப்காரரும் அவசரப்படத்தான் செய்வார். இதைச் சொன்னால் ‘ஆலைக்காரனுக்கு வக்காலத்து’ என்று சிலர் பாய்கிறார்கள். ஆலைமீதும் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். இவ்வளவு பொறுமை கேட்கும் ஏலை, பொறுமை இருக்கிறதா என்று பாராமல் எல்லாருக்கும் ஏன் விற்க வேண்டும்? ‘எல்லா இடத்திலும் இருக்கிறது’ என்ற புகாரில் நான் ஏற்கும் பாதி இதுதான்.

பச்சை ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் கிழடு. விற்கத் தொடங்கி நான்காம் ஐந்தாம் நாள் ஆகிவிட்டால் துள்ளல் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம், கடைசியில் வினிகர். குழாய்களை வாரம் ஒருமுறை கழுவாவிட்டாலும் வாயில் தெரியும். இன்னொன்று: கைப்பம்புக்கும் பீப்பாய்க்கும் நடுவே உள்ள குழாயில் இரவு முழுவதும் தேங்கி நின்ற ஏல்தான் கடை திறந்ததும் முதலில் வெளிவரும். நல்ல பப்பில் அதை ஊற்றிக் கொட்டிவிடுவார்கள். கொட்ட மனம் வராதவர் கடையில் முதல் வாடிக்கையாளராகப் போகாதீர்கள்.

வடக்கே நன்றாக இருக்கிறது, தெற்கே கெட்டுவிடுகிறது என்கிறார்களே?

பயணம் ஏலைக் கெடுப்பதில்லை. லாரியில் குலுங்கிய வண்டல் மறுபடி படிய அவகாசம் தர வேண்டும், அவ்வளவுதான். யார்க்ஷயரில் லேண்ட்லார்ட் வேகமாக விற்கும் பப்கள் அதிகம். தெற்கே ஆறு பம்புகளில் ஒன்றாக அது மெதுவாக நகரும் பப்கள் அதிகம். ஊரைவிட விற்பனைதான் கணக்கு.

நுரை பற்றிய சண்டை என்ன?

அடேயப்பா! இது தனிப் போர்க்களம்.

கைப்பம்பின் வளைந்த மூக்கின் நுனியில், பூவாளிக்கு இருப்பது போலப் பொடித் துளைகள் கொண்ட ஒரு சிறு மூடியைத் திருகுவார்கள். அதற்கு ஸ்பார்க்லர் என்று பெயர். ஏல் அந்தத் துளைகளில் நெருக்கிப் பிதுங்கி வரும்போது, மேலே வெண்ணெய் திரண்டது போலக் கெட்டி நுரை கட்டும். வடக்கே இது இல்லாமல் ஊற்றினால் சண்டைக்கு வருவார்கள். தெற்கே இது மாட்டியிருந்தால் ‘கால் கோப்பை காற்றா?’ என்று கேட்பார்கள்.

டீக்கடையில் நீட்டி ஆற்றிய டீயும் ஆற்றாத டீயும் ஒன்றா? அதே விவகாரம். ஸ்பார்க்லர் வழியாக வரும்போது ஏலில் கரைந்திருக்கும் வாயு கொஞ்சம் வெளியேறிவிடும், கசப்பில் ஒரு பங்கு நுரையோடு மேலே போய்விடும். கீழே உள்ளது வழவழப்பாகும். யார்க்ஷயர் ஏல்கள் அப்படி ஊற்றுவதற்கென்றே வளர்ந்தவை. லேண்ட்லார்டை ஸ்பார்க்லருடன் குடிக்க வேண்டும் என்பது என் கட்சி. சரியாகப் பழுத்து வாயு நிறைந்திருந்தால் இல்லாமலும் குடிப்பேன். ஆனால் உயிர் போன ஏலை ஸ்பார்க்லர் போட்டு அலங்கரிப்பது பிணத்துக்குப் பூச்சூட்டுவது போலத்தான். மேலே அழகான நுரை நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது.

பரிசுகள் வாங்கியது என்கிறார்கள். எவை?

காம்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘உண்மை ஏலுக்கான இயக்கம்’ 1971இல் தொடங்கியது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேயர்கள், டன்குவின் ஊரில் க்ரூகர் என்ற பாரில் உட்கார்ந்து, நம் நாட்டு பீர் இப்படிக் கெட்டுப் போகிறதே என்று புலம்பியதில் பிறந்தது. பெரிய நிறுவனங்கள் எங்கும் வாயு அடைத்த, வடிகட்டிய பீரைத் திணித்துக்கொண்டிருந்த காலம் அது. புலம்பலோடு நிற்காமல் இயக்கமாக்கியதால்தான் காஸ்க் ஏல் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த இயக்கம் 1978 முதல் வழங்கும் ‘பிரிட்டனின் சாம்பியன் பீர்’ பட்டத்தை லேண்ட்லார்ட் 1982, 1983, 1994, 1999 என நான்கு முறை வென்றது. வேறு எந்த ஏலும் நான்கு முறை வென்றதில்லை. எதிர்க்கட்சி உடனே கேட்கும்: ‘1999க்குப் பிறகு?’ இல்லைதான். ஆனால் இதே ஆலையின் போல்ட்மேக்கர் என்ற இன்னொரு ஏல் 2014இல் அதே பட்டத்தை வாங்கியது. கீத்லியில் உள்ள போல்ட்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்ற குட்டிப் பப்பின் பெயர் அது. உள்ளூர்க்காரர்களில் சிலர், உண்மையான ருசி அறிந்தவன் லேண்ட்லார்டைவிட அதைத்தான் கேட்பான் என்று கண்சிமிட்டுவார்கள்.

மடோனா குடித்தாராமே?

ஆம். 2003இல் ஜொனாதன் ராஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தமக்குப் பிடித்தது டிமோதி டெய்லர் ஏல் என்று சொன்னார். அதன் பிறகு தேவை எகிறியது. பழைய குடிகாரர்கள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

‘முன்பு போல இல்லை’ என்பது உண்மையா?

இந்தப் பேச்சைக் கேட்காமல் எந்தப் பிரிட்டிஷ் பப்பிலிருந்தும் வெளியே வர முடியாது. எந்த ஏலைப் பற்றிக் கேட்டாலும் முன்பு போல இல்லை. கால்பந்தும் முன்பு போல இல்லை, மழையும் முன்பு போல இல்லை.

சில ஏல்களின் விஷயத்தில் இதற்குப் பலமான ஆதாரம் உண்டு. லீட்ஸ் நகரின் அடையாளமாக இருந்த டெட்லி ஆலையை 2011இல் மூடிவிட்டார்கள். ஏலின் பெயர் மட்டும் வேறு ஊருக்குக் குடிபோனது. லண்டன் பிரைட் என்ற ஏலைக் காய்ச்சும் ஃபுல்லர்ஸ் பீர் வணிகம் 2019இல் ஜப்பானின் அசாஹியிடம் போனது. கார்ன்வால் கடற்கரையில் பிறந்த டூம் பார் என்ற ஏல், 2011இல் பன்னாட்டு பீர் நிறுவனமான மோல்சன் கூர்ஸ் கைக்குப் போனபின் ருசி மழுங்கிவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். லேண்ட்லார்டுக்கு இந்தச் சோதனை எதுவும் வரவில்லை. அதே ஊற்று, அதே குடும்பம், அதே பார்லி. அப்படியானால் மாறியது என்ன? என் கணிப்பில் இரண்டு. ஒன்று, நிலவறையில் முப்பது ஆண்டு பழம் தின்று கொட்டை போட்ட பப்காரர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் மேலாளர்கள். மற்றது, இதைச் சொல்பவரின் நாக்கு. நாற்பது வயதுக்குப் பிறகு நம் நாக்கும் முன்பு போல இல்லை.

வெதுவெதுப்பாகத் தருவார்களாமே? சென்னைக்காரனால் அதைக் குடிக்க முடியுமா?

11 முதல் 13 டிகிரி என்று முன்பே சொன்னேன். மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீரோடு ஒப்பிடுவதால்தான் வெதுவெதுப்பு என்று தோன்றுகிறது. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும். மால்ட்டின் ருசி தெரியாது. முதல் இரண்டு வாய்க்குச் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும். உண்மையாகவே சூடாக வந்தால் அது மரபல்ல, நிலவறைக் குளிரூட்டி பழுதாகியிருக்கிறது.

சைவ உணவுக்காரர்கள் குடிக்கலாமா?

நம்மவர்கள் பலர் கேட்க மறக்கும் கேள்வி. வண்டல் வேகமாகப் படிவதற்காகக் காஸ்க் ஏல்களில் மரபாகச் சேர்ப்பது ஐசிங்லாஸ். அது மீனின் காற்றுப்பையை உலர்த்தி எடுக்கும் பொருள். அது வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனாலும் மீன் மீன்தான். பீப்பாயில் வரும் மரபான ஏல் எதையும் சுத்த சைவம் என்று நம்பிக் குடிக்க வேண்டாம். அது சேர்க்காமல், கலங்கலாகவே விற்கும் ஏல்களும் இப்போது நிறைய உண்டு. பம்பின் அட்டையில் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

நல்ல பைன்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். லேண்ட்லார்ட் தெளிவாக இருக்க வேண்டும். முகர்ந்து பாருங்கள்: வினிகர், ஈர அட்டை, உருகிய வெண்ணெய் வாசம் எதுவும் வரக்கூடாது. வாயில் வைத்தால் சோடா போலக் குத்தக்கூடாது, குளத்துத் தண்ணீர் போலக் கிடக்கவும் கூடாது. நாக்கில் மெல்லிய சிலிர்ப்பு வேண்டும். குடித்துக்கொண்டே போகும்போது கோப்பையின் உட்சுவரில் நுரை வளையம் வளையமாகத் தங்கினால் கோப்பையும் சுத்தம், ஏலும் நலம்.

காம்ரா உறுப்பினர்கள் பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண் போடுவார்கள். அந்த மதிப்பெண் ‘இந்த ஏல் எனக்குப் பிடித்ததா’ என்பதற்கு அல்ல. ‘இந்தப் பப்பில் இன்று இது எந்த நிலையில் இருக்கிறது’ என்பதற்கு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் லேண்ட்லார்ட் பற்றிய சண்டைகளில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

மோசமாக இருந்தால் திருப்பித் தரலாமா?

தாராளமாக. ஒரு வாய், மிஞ்சினால் இரண்டு வாய் குடித்தவுடன் கொண்டுபோய், ‘இது சரியாக இல்லை போலிருக்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். ஒழுங்கான பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். முக்கால் கோப்பை காலியான பிறகு புகார் சொன்னால் எந்த ஊரிலும் செல்லாது. ‘ரியல் ஏல் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் வந்தால் கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு வேறு பப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ருசி பார்க்கவும் கேட்கலாம். பல இடங்களில் சின்னக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

புட்டியில் கிடைப்பதும் அதே ருசிதானா?

இல்லை. வடிகட்டி அடைத்தது, வாயு கூடுதல், ஆல்கஹால் சற்றுக் குறைவு. வீட்டில் பிரியாணியோடு வைத்துக் குடிக்க நன்றாக இருக்கும். அதைக் குடித்துவிட்டு லேண்ட்லார்ட் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

எவ்வளவு குடித்தால் அளவு?

பைன்ட் என்பது 568 மில்லி. 4.3 சதவீதத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 2.4 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் அறிவுரை. ஆறு பைன்ட்டில் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

லேண்ட்லார்ட் பிடிக்காவிட்டால் வேறு எதைக் குடித்துப் பார்க்கலாம்?

கசப்பும் மணமும் அதிகம் என்று தோன்றினால், லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட். மண்வாசமும் உலர்ந்த பழவாசமும் கொண்டது; தெற்கத்திக்காரர்களுக்கு அதுதான் குலதெய்வம். டெய்லரிலேயே மென்மையானது வேண்டுமென்றால் கோல்டன் பெஸ்ட்.

கீத்லிக்கே போய்க் குடிக்க வேண்டுமா?

வேண்டும் என்று கட்டாயமில்லை. வேகமாக விற்கும், பொறுமையாகப் பழுக்க வைக்கும் பப் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். போவதானால் லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. உட்காரும் இடம் குறைவான பப்கள். சனிக்கிழமை மாலையைத் தவிர்த்துவிடுங்கள். அரைப் பைன்ட் கேட்டால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஊற்றுபவர் நுரை வழிய நிரப்பி, மறுபடி ஒரு இழுப்பு இழுத்து விளிம்புவரை நிறைத்துத் தருவார். கையில் எடுத்தவுடன் குடித்துவிடாதீர்கள். அடியிலிருந்து மேலே ஒரு பால்நிறக் கலங்கல் மெதுவாக ஏறித் தெளியும். அது முடிய ஒரு நிமிடம் ஆகும்.